கேஸ் எங்கே போச்சு

எங்கள் ஊரில் ஏசிக்கு வருஷம் ஒரு தரம் கேஸ் போட வேண்டும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். அடுப்புக்குச் சிலிண்டர் மாற்றுகிறோம், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிறோம், ஏசிக்கும் தீர்ந்துதானே போகும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. புதுச்சேரியில் அந்த நம்பிக்கையைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர்களில் நானும் ஒருவன். அதனாலோ என்னவோ, இதை எழுத உட்கார்ந்தால் உட்காரவே முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

உண்மை என்னவென்றால், ஏசியில் கேஸ் தீராது. உடம்பில் ஓடும் ரத்தம் மாதிரி அது உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அறையில் இருக்கிற சூட்டை அள்ளிக்கொண்டு போய், வெளியே சுவரில் தொங்கும் பெட்டியில் கொட்டிவிட்டு, திரும்ப உள்ளே வரும். ரத்தம் குறைந்தால் எங்கேயோ காயம் என்று அர்த்தம். வைத்தியன் காயத்தைத் தேட வேண்டும். நாங்கள் காயத்தைத் தேடாமல் வருஷா வருஷம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

நான் முறையாகப் படித்தவன் இல்லை. எட்டாவதோடு சரி. ஒரு ஃப்ரிட்ஜ் கடையில் எடுபிடியாக நின்று, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மெஷினோடு வருகிற சின்னப் புத்தகங்களை யாரும் பிரிப்பதில்லை. நான் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தெரியாததை யாரிடமும் கேட்க வெட்கப்பட்டதில்லை. வாயிருந்தா வங்காளம் போகலாம் என்பார்கள், என் வாய் அதற்கும் கொஞ்சம் அப்பால் போய்விட்டு வந்த வாய். அப்படித்தான் மூன்றாவது வருஷத்திலேயே கேஸ் தீராது என்பது எனக்குத் தெரிந்துபோனது. தெரிந்த பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. "கேஸ் தீந்துடுச்சு மதாம்" என்று சொல்வதில் ஒரு சுகம் இருந்தது. கேட்பவருக்கும் புரிகிறது, சொல்பவருக்கும் அடுத்த வருஷ வேலை உறுதி.

கடலை ஒட்டிய தெருக்களில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. உப்புக்காற்று காயிலைத் தின்றுவிடும். காயில் என்பது வெளிப்பெட்டிக்குள் வளைந்து வளைந்து போகும் குழாயும் அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடுகளும். இரண்டு வருஷத்தில் தகடு அப்பளம் போல உதிரும், குழாயில் ஊசிமுனை அளவில் ஓட்டை விழும். அதன் வழியாகக் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். பானை எங்களுடையதில்லை, தண்ணீர் ஊற்றினால் சோறு, அப்புறம் எதற்கு ஓட்டையைப் பற்றிப் பேசுவது?

இதில் இன்னொரு குறுக்குவழியும் உண்டு. புதிதாக மெஷின் மாட்டும்போது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். முறையாகச் செய்தால், வேக்கம் பம்ப் வைத்து அரை மணி நேரம் உறிஞ்ச வேண்டும். நாங்கள் ஒரு பக்கம் வால்வைக் கொஞ்சமாகத் திறப்போம், மறுபக்கம் நட்டைத் தளர்த்துவோம். உள்ளே இருக்கும் கேஸே காற்றைத் தள்ளிக்கொண்டு உஸ்ஸென்று வெளியே வரும். ஐந்து எண்ணினால் வேலை முடிந்தது. "ஊதி எடுக்கிறது" என்று அதற்குப் பெயர். இந்த ஊரில் என்னைப்போல வேகமாக ஊதி எடுப்பவன் இல்லை என்று எனக்கு ஒரு பேர்கூட இருந்தது. பெருமைப்பட்டிருக்கிறேன்.

லாஸ்பேட்டையில் ஒரு மண்டபத்தில் மெக்கானிக்குகளுக்கு ஒருநாள் வகுப்பு நடந்தது. மதியம் பிரியாணி என்று சொன்னதால் போனேன். வகுப்பெடுக்க வந்தது சென்னையிலிருந்து ஒரு இளம் இன்ஜினீயர் பெண். முதல் கேள்வியையே எங்களிடம்தான் போட்டார்.

"ஏசியக் கழட்டும்போது உள்ள இருக்கிற கேஸை என்னாண்ணா பண்ணுவீங்க?"

பின்வரிசையிலிருந்து ஒருத்தர் சொன்னார். "என்னாம்மா பண்றது, பொறந்த வீட்டுக்கு அனுப்பி வெச்சிடுவோம்."

மண்டபமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார்.

"எதுண்ணா பொறந்த வீடு?"

"வானம்தான்."

"இல்லண்ணா. அது பொறந்தது ஃபேக்டரியில. வானத்துக்கு அது யாருன்னே தெரியாது. வந்த விருந்தாளி சீக்கிரத்துல எழுந்தும் போவாது."

எனக்கு இதெல்லாம் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டுமே. எழுந்தேன். "ஓசோன்ல ஓட்ட வுழுந்து அது வழியா வெயில் ஜாஸ்தியா உள்ள வருது, அதானே மேடம்? அதனாலதான் ஊரே கொதிக்குது." பத்து வருஷமாக டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் நான் எல்லாருக்கும் விளக்கி வந்த விளக்கம் அது.

"ரொம்பப் பேரு அப்படித்தாண்ணா நெனைக்கிறாங்க. ஓசோன் வேற கதை. பழைய பச்சை சிலிண்டர் கேஸ் ஓசோனையும் கெடுத்துச்சு, சூட்டையும் ஏத்துச்சு. இப்ப நீங்க தூக்கிட்டு அலையுற ரோஸ் சிலிண்டர் ஓசோனைத் தொடாது. ஆனா அதுல ஒரு கிலோவ வெளிய விட்டா, ரெண்டு டன் கரியமில வாயுவ விட்டதுக்குச் சமம். சூடு ஏறுறதுக்குக் காரணம் ஓட்டை இல்லண்ணா. மூடி."

மூடி என்றதும் நான் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பலகையில் என்னென்னவோ வரைந்தார். எனக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. என் தொழிலிலேயே அதற்கு உருவம் இருந்தது. வெளிப்பெட்டியில் தூசி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மெஷின் ஓடும், சூட்டை அள்ளும், ஆனால் கொட்ட முடியாது. அள்ளியது அத்தனையும் உள்ளேயே தேங்கி, கம்ப்ரசர் தொட முடியாதபடி கொதிக்கும். பூமியும் பகலெல்லாம் வெயிலை வாங்கி, வாங்கிய சூட்டை வானத்தில் கொட்டித்தான் பிழைத்திருக்கிறது. கொட்டுகிற வழியில் நாம் கரியமில வாயுவையும் இந்த ரோஸ் சிலிண்டர் கேஸையும் தூசி மாதிரி அப்பிவைத்திருக்கிறோம். வருகிற சூடு வந்துகொண்டே இருக்கிறது, போகிற சூடு முன்போல் போக முடியவில்லை. பதினெட்டு வருஷம் காயிலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியவன் நான். எனக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

"நம்ம கேஸ் இதுல ஒரு சின்னப் பங்குதான்" என்றார் அவர். "பெரிய பங்கு நிலக்கரி, பெட்ரோல், டீசல்."

"அப்பாடா, தப்பிச்சோம்டா" என்றது பின்வரிசை.

"நிலக்கரிய எரிச்சு வர்ற கரண்ட, மே மாசத்துல யாருண்ணா ஜாஸ்தியா இழுக்குறா?"

நிலக்கரி எரிக்கிற நெய்வேலி இங்கிருந்து கூப்பிடு தூரம். பிரியாணி நன்றாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

அன்றைக்குப் பிடித்தது இந்த அரிப்பு. தெருவில் நடந்தால் சுவருக்குச் சுவர் வெளிப்பெட்டிதான் கண்ணில் படும். இது நான் மாட்டியது, அது நான் கேஸ் போட்டது, அதோ அதைக் கழற்றியபோது முழுக் கேஸையும் திறந்துவிட்டேன். ஒரு ஆட்டோக்காரர் ஒருமுறை சொன்னார்: "ஏசி போட்டவன் வூடு சில்லுன்னு, போடாதவன் வூடு டபுள் சூடுன்னு ஆயிப்போச்சுண்ணே." குளிர்ச்சிக்கு ஏசி போடுகிறோம், ஏசியால் ஊர் சூடேறுகிறது, சூடேறியதால் இன்னொரு ஏசி போடுகிறோம். அரிக்கிறது என்று சொறிந்தால், சொறியச் சொறிய அரிக்கும். நான் டீக்கடை, முடிவெட்டும் கடை, தவளக்குப்பம் சந்தையில் கருவாடு விற்கும் அக்கா, ஒருத்தரையும் விடாமல் பிடித்துவைத்து இதையே பேசினேன். கருவாட்டுக்கார அக்கா கேட்டுவிட்டு, "இம்மாம் தெரிஞ்சவன் இன்னும் அதே வேலையத்தானே செய்யிற?" என்றார். நான் நெத்திலியை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

என் மனைவி அதைவிட ஒரு படி மேலே. "நீ பேசிப் பேசியே ஊரச் சூடாக்கிடுவ போல."

அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும். மேற்குக் காற்று அனலாக அடித்து, கடற்காற்றை ஊருக்குள்ளேயே விடவில்லை. காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. மதாம். பதினோரு வருஷமாக நான் போய்வரும் வீடு. கடலிலிருந்து மூன்றாவது தெரு. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனில் வந்தவர், தெருவில் 'சொல்தா வூடு', அதாவது சிப்பாய் வீடு, என்றால் யாரும் காட்டுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. மாடியில் ஒரே அறையில் படுக்கை. போன கோடையில் ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போனதில் உடம்பு கொதித்து, நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். அறையைச் சூடேற விடாதீர்கள் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

"தம்பி, காத்துதான் வருது, குளிரு வரல. வழக்கம்போல கேஸ் தீந்துருக்கும். ஒடனே வா."

வழக்கம்போல. அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்வரை அந்தச் சொல் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

மாடிக்குப் போனேன். மதாமின் கணவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம், அவர் நெற்றியில் ஈரத்துணி. மூச்சு குட்டிக் குட்டியாக வந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைச் சற்றுத் தூக்கினார், அவர் வணக்கம் சொல்லும் விதம் அது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சும்மா காற்றை விசிறிக்கொண்டு. பால்கனியில் இருக்கும் வெளிப்பெட்டியில், கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினேன். முள் அடிமட்டத்தில் கிடந்தது. சோப்புத் தண்ணீரைக் காயில் முழுக்கத் தெளித்தேன். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை முட்டை விடும். ஒரு முட்டைக்குத்தான் காத்திருந்தேன். ஐந்து இடத்தில் விட்டது.

பையில் ரோஸ் சிலிண்டர் இருந்தது. போட்டால் பத்து நிமிஷத்தில் அறை குளிரும். இந்த ஓட்டைகளுக்கு நாலு நாள் தாங்கும். அப்புறம் மறுபடி போடலாம். இப்படியே அக்கினி நட்சத்திரத்தைத் தாண்டிவிடலாம்.

"என்னா தம்பி, நின்னுக்கிட்டே இருக்க? போடு."

"மதாம், காயில் போயிடுச்சு. புதுசு மாத்தணும். சென்னையிலேருந்து வரணும், ரெண்டு நாளு ஆவும்."

"ரெண்டு நாளா! அவரப் பாரு. ரெண்டு மணி நேரம் தாங்குவாரா? இப்போதைக்குக் கேஸ் போடு, மிச்சத்த அப்புறம் பாக்கலாம். வருஷா வருஷம் நீதானே போடுற?"

நான் பேசுகிற ஆள். எந்த வீட்டிலும் எனக்கு வாய் அடைத்ததில்லை. அன்றைக்கு முதலில் சிலிண்டர் பையை மூடி ஓரமாக வைத்தேன். அப்புறம் சொன்னேன்.

"வருஷா வருஷம் போட்டிருக்கவே கூடாது மதாம். கேஸ் தீராது. முன்ன இருந்த மெஷின்லயும் ஓட்டதான், இதுலயும் ஓட்டதான். நான் தேடாம ஊத்திக்கிட்டே இருந்தேன்."

மதாம் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்து முடித்தார்.

"என்னிக்கித் தெரிஞ்சிது ஒனக்கு?"

"ஆரம்பத்துலயே."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறவனப் பாத்துருக்கேன். பதினோரு வருஷம் சோத்த அள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தவன இப்பத்தான் பாக்குறேன்." குரலை உயர்த்தவில்லை அவர். "அந்தக் கேஸெல்லாம் எங்க போச்சு?"

மேலே காட்டினேன். அப்புறம், எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மூடி, சூடு, எல்லாம். சொல்லும்போதே, அந்த அறையில் அது எவ்வளவு அசிங்கமாகக் கேட்டது என்று எனக்கே தெரிந்தது. வெயிலில் மூச்சு வாங்கும் மனிதருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த வெயிலில் என் கைவேலையும் கொஞ்சம் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பாரீஸ்ல இருக்குற எம் பையன் அங்கயே ஏசி வாங்கிட்டானாம்" என்றார் மதாம், தனக்குத்தானே. பிறகு என்னைப் பார்த்தார். "சரி. கதைய வெச்சுக்க. இவருக்கு வழி சொல்லு."

வழி ஒன்றுதான் தோன்றியது. "எங்க வூட்டு மெஷினக் கழட்டிக்கிட்டு வரேன். மத்தியானத்துக்குள்ள மாட்டிடுறேன்."

கீழே இறங்கும்போதே எனக்குத் தெரிந்த வெல்டிங் பட்டறைக்கும் சென்னைக்கும் போன் செய்து காயிலுக்குச் சொல்லிவிட்டேன். என் வீட்டில் ஒரே ஏசி. அது என் மனைவி தைக்கிற அறையில் இருக்கிறது. தகர ஷீட் போட்ட மாடியறை. வியர்வை சொட்டிப் பட்டு ரவிக்கைத் துணியில் கறை படுகிறது என்று நாலு வருஷம் கேட்டு, போன வருஷம்தான் மாட்டினேன். ஊருக்கெல்லாம் குளிர் விற்கிறவன் வீட்டுக்குக் கடைசியில்தான் வந்தது.

"எதுக்கு ஸ்பேனர எடுக்குற?" என்றாள்.

சொன்னேன்.

"நல்லா இருக்கே! மதாமுக்கு ஏசி, எனக்கு விசிறியா? நாளன்னிக்கு முகூர்த்தம். ஆறு ரவிக்கை கெடக்கு."

"அந்த மனுசன் தாங்க மாட்டாருடீ."

"ஊருல ஒனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கு ஒருத்தன்கிட்ட கூடவா பழைய மெஷின் இல்ல?"

"இந்த மாசத்துல எவன்கிட்டடீ சும்மா கெடக்கும்?"

தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள். "சொல்லிட்டியா அவங்ககிட்ட? இத்தினி வருசம் பண்ணத?"

"சொல்லிட்டேன்."

"வெளக்குமாத்தால அடிக்கலியா?"

"இன்னும் இல்ல."

"ரெண்டு நாளுன்னா ரெண்டு நாளுதான். மூணாவது நாளு நானே வந்து கழட்டுவேன், ஆமாம்." துணிகளை அள்ளிக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனாள், அங்கே தரை கொஞ்சம் குளிர்ச்சி. போகிற வழியில் திரும்பி, "கொடுக்கிறதுன்னு ஆச்சு, ஃபில்டரக் கழுவிக் குடு. அந்த வூட்டம்மா சுத்தக்காரங்க" என்றாள்.

கழற்றும்போது முறையாகச் செய்தேன். வெளிப்பெட்டியின் விலாவில் இரண்டு பித்தளை வால்வுகள் இருக்கும். மெல்லிய குழாயின் வால்வை மூடிவிட்டு மெஷினை ஓடவிட்டால், கம்ப்ரசர் எல்லாக் கேஸையும் இழுத்துத் தன் வயிற்றுக்குள் போட்டுக்கொள்ளும். பிறகு தடித்த குழாயின் வால்வையும் மூடினால் கேஸ் பத்திரம். மூன்று நிமிஷ வேலை. அந்த மூன்று நிமிஷத்தைத்தான் இத்தனை வருஷமும் மிச்சம் பிடித்திருக்கிறேன். மிச்சம் பிடித்த நிமிஷங்களையெல்லாம் என்ன செய்தேன் என்று கேட்டால், அவற்றில் முக்கால்வாசியை டீக்கடையில் பேசித் தீர்த்திருப்பேன்.

குட்டியானை வண்டி பிடித்து, ஓட்டுநரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, மாடியேற்றியபோது மணி ஒன்று. அறை அடுப்பாகியிருந்தது. மதாமின் பழைய மெஷினைக் கழற்ற வேண்டும். அதில் மிச்சம் இருந்த கொஞ்சக் கேஸைப் பிடித்துவைக்க என்னிடம் தனிப் பாட்டில் இல்லை, அதற்கான மெஷினும் இல்லை. கம்ப்ரசரை வைத்து இழுத்தாலும் ஓட்டைக் காயிலில் நிற்காது. திறந்துவிட்டேன். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது. மிச்சமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

என் மெஷினைச் சுவரில் ஏற்றிக் குழாய்களை இணைத்தேன். வேக்கம் பம்பை மாட்டி ஓடவிட்டேன். இனி அரை மணி.

மதாம் கட்டிலின் மறுபக்கம் விசிறிக்கொண்டிருந்தார். முசியேவின் கன்னம் சிவந்து, உதடு உலர்ந்திருந்தது. ஐந்து நிமிஷம் போயிற்று. ஏழு. மூச்சு இன்னும் குட்டியாயிற்று. கண்கள் மேலே ஏறுவது போலிருந்தது. மதாம் அவர் கன்னத்தைத் தட்டி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். கண் கீழே வந்தது. மறுபடி ஏறியது.

"தம்பி, இது இன்னும் எவ்ளோ நேரம்?"

"இருவது நிமிஷம்."

"ஊதி எடுத்துடேன்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நீதானே பண்ணுவ. இந்தப் பக்கம் தொறந்து, அந்தப் பக்கம் லூசு பண்ணி, அஞ்சு எண்ணுவியே. பதினோரு வருஷமா பாத்துக்கிட்டுதானே இருக்கேன். பண்ணு."

பம்ப் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் வால்வு திறக்கிற சாவியை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். வகுப்பில் அந்தப் பெண் சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் அவர் பலகையில் இந்தக் கட்டிலை வரையவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் இதுவரை திறந்துவிட்ட ஒவ்வொரு தடவைக்கும் இப்படி ஒரு நல்ல காரணம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கைக்குழந்தை அழுதது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். அடுத்த வீட்டில் காத்திருந்தார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் வானத்தை அடைக்கவில்லை. எல்லாரும் பக்கத்தில் இருப்பவருக்கு நல்லது செய்யத்தான் அடைத்தோம். ஊர் கொதிப்பதற்குக் காரணம் காரணம் என்று தேடினேனே, காரணம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, ஈரத்துணியும் விசிறியுமாக.

பம்பை நிறுத்தினேன். ஊதி எடுத்தேன். ஐந்துகூட எண்ணவில்லை, மூன்று. தெரிந்தே செய்தேன். மறுபடி அதே அறை, அதே மூச்சு என்றால் மறுபடியும் செய்வேனா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். செய்வேன். ஆனால் காலையிலேயே வீட்டு மெஷினைக் கொண்டுவரும் யோசனை இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் செய்திருக்க வேண்டியதில்லை. இன்னும் பின்னால் போனால், போன சித்திரையிலேயே ஓட்டையைத் தேடியிருந்தால் எதுவுமே வேண்டியிருந்திருக்காது. அவசரம் அன்றைக்குத்தான் வந்தது என்று சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்த்த அவசரம் அது.

அறை குளிர இருபது நிமிஷம் ஆனது. முசியேவின் மூச்சு நீண்டது. மதாம் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பால்கனியில் வெளிப்பெட்டி அனலைக் கக்கத் தொடங்கியது. அது நேராக எதிர்வீட்டு ஜன்னலில் போய் விழுந்தது. எதிர்வீட்டுப் பெண் வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

காயில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் பார்சலாக மறுநாள் மாலை வந்தது. மதாமின் வெளிப்பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அதில் பற்றவைத்தோம். அழுத்தம் ஏற்றி ஒரு ராத்திரி முழுக்க விட்டு, முள் அசையவில்லை என்று பார்த்த பிறகுதான் எடுத்தேன். மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் என் மெஷினைக் கழற்றிவிட்டு மதாமின் மெஷினை மாட்டினேன். அறை ஏற்கெனவே சில்லென்று இருந்ததால் கதவைச் சாத்திவைத்து, பம்பை முழு அரை மணி ஓடவிட முடிந்தது. மதாம் அந்த அரை மணியும் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கேஜின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எறங்குறது நல்லதா, ஏறுறது நல்லதா?"

"எறங்கணும் மதாம். எறங்கி அங்கயே நிக்கணும்."

நின்றது. இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். கேஸைத் தராசில் நிறுத்துப் போட்டேன். மெஷின் ஓடியது. முசியே தூங்கிக்கொண்டிருந்தார், எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு வாய் மூடி.

"அடுத்த வருஷம் கேஸுக்கு வரமாட்டியா, அப்ப?"

"ஓட்ட வுழாத வரைக்கும் தேவப்படாது. உப்பு போவக் காயில மட்டும் மூணு மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணில கழுவணும். அதுக்கு வரேன்."

"கழுவுறதுலயே வயிறு ரொம்புமா ஒனக்கு?"

நான் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டேன். மதாம் எழுந்து, பக்கத்து வீட்டில் வேலை செய்கிற அம்மாவைக் கூப்பிட்டு முசியே பக்கத்தில் உட்காரச் சொன்னார். செருப்பைத் தேடினார். அறை சூடாகிவிடுமோ என்ற பயத்தில் பத்து நாளாக அவர் வாசலைத் தாண்டியதில்லை.

"அடுத்த தெருவுல என் நாத்தனா வூடு. அங்கயும் வருஷா வருஷம் நீதானே போடுற?"

"ஆமா மதாம்."

"அதுக்கும் எதுத்தாப்புல மேத்தர் வூடு."

"பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தாரே, அவருதானே? ஆமா. அவரு வூட்டுலயும் நான்தான்."

"வா."

"இப்பவா? மெஷினக் கொண்டுபோய் வூட்டுல குடுக்கணும், எங்க வூட்டுக்காரி..."

"அவளுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன், நம்பரக் குடு. சோப்புத் தண்ணி வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். குடையை விரித்து முன்னால் நடந்தார். நான் சோப்புப் பாட்டிலோடு பின்னால். மணி பத்துகூட ஆகவில்லை, அதற்குள் தெரு காய்ச்சிய தோசைக்கல்லாக இருந்தது. நிழல் இருக்கும் பக்கமாகப் போகலாம் என்று சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. நாத்தனார் வீட்டு வாசலில் நின்று காலிங்பெல்லை அழுத்தினார். உள்ளே யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது.

"நான் பேச மாட்டேன்" என்றார் மதாம், குடையை மடக்கிக்கொண்டே. "நீயே சொல்லு. எங்கிட்ட சொன்ன மாதிரியே, ஆரம்பத்துலேருந்து சொல்லு."

கதவு திறந்தது. "வா தம்பி, கேஸ் போடவா வந்த?" என்றார் நாத்தனார், சிரித்த முகமாக.